குட்டியை எடுத்த இடம்

மரநாய்க் குட்டியின் முதுகில் மறுபடியும் வெள்ளிப் பவுடர் ஒட்டியிருந்தது. முந்தின ராத்திரி படுக்கப் போகுமுன் கற்பகவல்லி வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, கழுத்திலிருந்து வால் நுனி வரை அலுங்காமல் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்து, கூடை இருந்த தகரக் கொட்டகையைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். விடிந்து திறந்தால், கருஞ்சாம்பல் ரோமத்தின் மேல் பளபளவென்று நான்கு விரல் தடம். தலையிலிருந்து இடுப்பு வரை யாரோ ஆசையாகத் தடவிக் கொடுத்திருந்தார்கள்.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஊரில் பாதிப் பெண்கள் பயர் ஆபீஸ் என்கிற பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். வேனை விட்டு இறங்கியதும் கையைக்கூடக் கழுவாமல் நேரே இங்கேதான் வந்து குட்டியைக் கொஞ்சுவார்கள். அலுமினியப் பவுடர் ஏறிய கையால் தொடாதீர்கள், அது நக்கினால் வயிறு புண்ணாகிவிடும் என்று தொண்டை வற்றக் கத்தியாகிவிட்டது. தலையை ஆட்டுவார்கள். மறுநாளும் அதே கை, அதே பவுடர். இன்றைக்கும் அப்படித்தான் வாய் நிறையத் திட்டிக்கொண்டே பஞ்சை எடுத்தாள். பாதி துடைத்த பிறகுதான் சாவி ராத்திரி முழுக்கத் தன் இடுப்பிலேயே இருந்தது ஞாபகம் வந்தது. ஒருவேளை சாயங்காலமே சரியாகத் துடைக்காமல் விட்டிருப்போம் என்று அதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள்.

ஊர் கெட்ட ஊர் இல்லை. அந்தக் கொட்டகையே ஆளுக்கொரு தகரம் கொடுத்துப் போட்டதுதான். வெடிச் சத்தத்தில் மிரண்டு கம்பியில் அடிபட்ட மயில், தாயை இழந்த முயல் குட்டி, இறக்கை வெந்த கூகை என்று யார் எதைத் தூக்கி வந்தாலும் கற்பகவல்லி வேண்டாம் என்று சொன்னதில்லை. வனத்துறை வண்டி வரும்வரை வைத்திருப்பாள். வண்டி பெரும்பாலும் வராது, அவளே தேற்றிக் காட்டில் விடுவாள். டீக்கடைத் தங்கச்சாமி தினமும் பழம் கொடுப்பார், கோழிக்கடையில் ஈரல் கொடுப்பார்கள். ஆனால் உதவுகிறேன் என்று இவர்கள் செய்கிற கூத்து இருக்கிறதே! கூகைக்கு இட்லியைப் பிட்டு ஊட்டுவார்கள். முயல் குட்டிக்கு மாட்டுப்பாலில் சீனி போட்டுக் கொடுத்துக் கொன்றே விடுவார்கள். கேட்டால், பாவம் பசிக்குமே என்பார்கள்.

இந்தக் குட்டிக்கு எதுவும் ஊட்ட முடியவில்லை என்பதுதான் அவளை வாட்டியது. பக்கத்துத் தெரு ரோஜா இதைக் கொண்டுவந்து கொடுத்து மூன்று நாளாகிறது. ஆட்டுப்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, இங்க் பில்லரில் எடுத்துக் கடைவாயில் விட்டுப் பார்த்தாள். எல்லாம் வெளியே வழிந்தது. விலா எலும்பு விரலில் தட்டுப்பட ஆரம்பித்துவிட்டது. கால்நடை டாக்டர் லீவு. வனத்துறை ஆளுக்குப் போன் போட்டால், "நாளைக்கு வண்டி அனுப்புறோம்மா" என்று போன வாரம் ஒரு கீரிக்காகக் கேட்டபோது சொன்ன அதே பதில்.

இப்படிப்பட்ட குட்டிக்கு ஒரே வழிதான் உண்டு. எடுத்த இடத்திலேயே பொழுது சாயும் நேரம் கூடையோடு வைத்துவிட்டு, தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். குட்டி கூப்பிடும், தாய் தேடி வந்து கவ்விக்கொண்டு போய்விடும். கண்மாய்க் கரையில் எடுத்ததாக ரோஜா சொல்லியிருந்தாள். இரண்டு சாயங்காலம் கொசுக்கடியில் உட்கார்ந்ததுதான் மிச்சம். ஒரு ஜீவன் வரவில்லை. குட்டியும் அங்கே வாயைத் திறக்கவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பியதும் கூடைக்குள் மேற்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு மெல்லக் கீச்சிடும். பிறகு காதை விறைத்துக்கொண்டு சும்மா இருக்கும். மறுபடி கீச்சிடும். எதிரில் யாரோ பதில் சொல்கிறார்கள், அதற்கு இது பதில் சொல்கிறது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

அன்று சாயங்காலம் பழம் கொடுக்க வந்த தங்கச்சாமி கூடைக்குள் குனிந்து பார்த்தார்.

"கண்மாய்க் கரையிலயா எடுத்தாக? அங்கன ஏதுக்கா மரநாயி? பனையெல்லாம் வெட்டி எம்புட்டு வருசமாச்சு" என்றவர், மூக்கை உறிஞ்சினார். "இது என்ன வாடை? கம்பெனிப் பவுடர் இப்படி நாறாதே. இது வெந்த வெடிமருந்துல்ல…"

சட்டென்று கூடையை விட்டு நிமிர்ந்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதோ முனகிவிட்டு வந்த வழியே நடையைக் கட்டினார். கற்பகவல்லி கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே ரோஜா வீட்டுக்குப் போனாள்.

"எங்கனடி எடுத்த? நெசத்தச் சொல்லு."

"கண்மாய்க் கரையிலதாங்க்கா…"

"பனையே இல்லாத கரைக்கு மரநாய் எங்கிட்டிருந்துடி வந்துச்சு? ரெண்டு நாளா அங்கன போயி காத்துக் கெடந்தேனே, உனக்கு நெஞ்சு உறுத்தலயா? இத நல்லாப் பாரு. இன்னொரு ராத்திரி தாங்காது."

ரோஜா குட்டியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கருவேலங்காட்டுக்குள்ள, அந்தக் கொட்டகையிலக்கா."

எந்தக் கொட்டகை என்று கற்பகவல்லி கேட்கவில்லை. தீபாவளி சீசனுக்கு முன்னால் லைசென்ஸ் இல்லாமல் பேன்சி வெடி சுற்றிய கொட்டகை. ஒரு மத்தியானம் வெடித்து மொத்தமாகப் போய்விட்டது. ரோஜாவின் மதினி முருகம்மாளும் அதில்தான் செத்தாள்.

"அங்கன உனக்கு என்னடி வேலை?"

"பால் ஊத்தப் போனேன்க்கா."

"உங்க மதினிக்குத்தான் மயானத்துல ஊத்தியாச்சே."

"மதினிக்கு இல்லக்கா. பிள்ளைக்கு."

"பிள்ளைக்கா? அதை உங்க அண்ணன் திருப்பூருக்குத் தூக்கிட்டுப் போயிட்டாருன்னீகளே?"

ரோஜா இல்லை என்று தலையை ஆட்டினாள். "அன்னிக்கு நாலு பேரு கைப்பிள்ளையோடதாங்க்கா வேலைக்குப் போனாக. ரூமுக்குள்ளயே தொட்டில் கட்டிப் போட்டிருந்தாக. பச்சப்பிள்ளைகளும் செத்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா ஊரே கேஸுக்கு அலையணும்னு, போலீசு வாரதுக்கு முன்னாடி அங்கனயே குழி தோண்டி மூடிட்டாக. ஒரு பால் ஊத்தல, ஒரு பூப் போடல. எனக்கு மனசு கேக்காம செவ்வாக்கெளமைக்குச் செவ்வாக்கெளம ஒரு செம்பு பால் கொண்டு போவேன். அன்னிக்கு ஊத்துன பாலை இது நக்கிக்கிட்டு நின்னுச்சு. விட்டுட்டு வர முடியலக்கா."

கற்பகவல்லிக்குக் காது அடைத்துப் போயிற்று. ஒரு மைனாவுக்கு இறக்கை முறிந்தால் பதறிக்கொண்டு ஓடி வருகிற ஊர். நான்கு பிள்ளைகளை மண்ணைப் போட்டு மூடிவிட்டு, தினமும் தன் வாசலில் வந்து நின்று மரநாயைக் கொஞ்சியிருக்கிறது. இவர்களை என்ன செய்வது? யாரிடம் போய்ச் சொல்வது? கூடைக்குள் குட்டியின் மூச்சு விட்டு விட்டு வந்தது. நாளைக்கு ஊரை ஒரு கை பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு இந்த ஒரு உயிரையாவது தாயிடம் சேர்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

"இருட்டப் போவுதுக்கா, அங்கன போகாதீக" என்று ரோஜா வாசல் வரை வந்து கெஞ்சினாள். வாசலைத் தாண்டி வரவில்லை.

கண்மாயைத் தாண்டியதும் மேற்கே கருவேலங்காடு. தூரத்தில் ஏதோ கம்பெனியில் வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் ஒவ்வொன்றாய்க் கேட்டு, பிறகு அதுவும் நின்று, காய்ந்த நெற்று காலில் மிதிபடுகிற சத்தமும், முள் சேலையில் மாட்டிக் கிழிகிற சத்தமும் மட்டும் கூடவே வந்தன. போகப் போகக் கந்தகமும் கரிந்த அட்டையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. இத்தனை மாதமாகியும், நடுவில் இரண்டு மழை பெய்தும், நேற்று வெடித்ததுபோல் அது புதுசாகவே இருந்தது. அந்த வாடை ஏற ஏறக் குட்டி கூடைக்குள் எழுந்து உட்கார்ந்தது. மூச்சு விட்டு விட்டுத் துவண்டு கிடந்த குட்டி, கூடையின் விளிம்பைப் பிராண்டியது.

கொட்டகையின் கூரை பறந்துவிட்டிருந்தது. வரிசையாக நான்கு ரூம்கள், கதவில்லாத நான்கு வாசல்கள். மேற்கே மிச்சமிருந்த வெளிச்சம் சுவர்களின் மேல் பக்கத்தில்தான் பட்டது. வாசலுக்குள் எதுவும் தெரியவில்லை. அவள் கூடையை முற்றத்தில் வைத்து, துணியை விலக்கிவிட்டு, பின்னால் நடந்து ஒரு கருவேல மரத்தோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

குட்டி கூப்பிட்டது. இங்கே வந்ததும் அதற்கு எங்கிருந்துதான் அத்தனை குரல் வந்ததோ.

பதில் வந்தது.

ஒரு கணம் கற்பகவல்லிக்குச் சந்தோஷம் பொங்கியது. தாய் உயிரோடுதான் இருக்கிறது! இரண்டாம் தடவை அந்தச் சத்தம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது மரநாயின் குரல் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டி எழுப்புகிற சத்தம். அழுகிற பிள்ளையை அமர்த்த எந்த வீட்டிலும் எழுப்புகிற சத்தம்.

ச்சு… ச்சு… ச்சு…

ரோஜாதான் குறுக்கு வழியில் வந்துவிட்டாளோ? கூப்பிட வாயெடுத்தாள்.

முதல் வாசலிலிருந்து ஒரு கை வந்தது. தரையோடு தரையாக வந்தது. முழங்கை வரை வெள்ளிப் பவுடர் பூசியிருந்தது. பவுடருக்கு அடியில் தோல் இல்லை. மண்ணைத் தடவித் தடவி, கூடையைக் கண்டுபிடித்து, உள்ளே போயிற்று. குட்டியின் தலையிலிருந்து இடுப்பு வரை ஒரு தரம் நிதானமாய்த் தடவியது. பிறகு அதை அள்ளி எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

கீச்சுச் சத்தம் நின்றது.

கற்பகவல்லிக்கு ஓடு, ஓடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் உள்ளேயிருந்து வேறொரு சத்தம் கேட்டது. சப்… சப்… என்று ஆசையோடு உறிஞ்சுகிற சத்தம். குட்டி பால் குடித்தது. மூன்று நாளாய் இந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் ஏங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பயத்திலா வேறு எதிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

கூடை அசைந்தது.

யாரோ உள்ளே இழுத்தார்கள். சற்று நேரம் எதுவும் இல்லை. பிறகு கூடை வெளியே வந்தது. மெல்ல. மண்ணைக் கீறிக்கொண்டு. அவள் நிற்கிற மரத்தடி வரைக்கும். போனபோது லேசாகப் போன கூடை இப்போது கனத்து வந்தது.

உள்ளே வேட்டித் துணி இல்லை. பூப்போட்ட நைலக்ஸ் சேலைத் துண்டு. ஓரம் கரிந்த துண்டு. அதற்குள் ஏதோ உதைத்தது.

இரண்டாவது வாசலில் ஒரு கை. அதிலும் ஒரு மூட்டை.

மூன்றாவது.

நான்காவது.

எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து, அடிபடாமல், அவளுக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். வைத்த கைகள் திரும்பிப் போகவில்லை. வாசல்களின் இருட்டுக்குள் தலைகள் எழுந்தன. முடியில்லாத தலைகள். அவள் எடுக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்றன.

அவளுடைய காலடியில் இருந்த கூடையில் துணி விலகியது. மண் ஒட்டிய ஒரு சின்னக் கை வெளியே வந்தது. காற்றில் துழாவியது. அவளுடைய முந்தானை தட்டுப்பட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பால் கேட்டு அழ ஆரம்பித்தது.