உதட்டில் வைத்த ஸ்க்ரூ

ஸ்க்ரூ தித்தித்தது.

தவ்ஃபீக்குக்கு முதலில் உறுத்தியது அதுதான். கடலோர வீடுகளிலிருந்து வரும் கம்ப்யூட்டர்களைக் கழற்றினால் ஸ்க்ரூவில் உப்புக் கரிக்கும். எண்ணூர்ப் பக்கம் என்றால் உப்போடு அனல்மின் நிலையத்துச் சாம்பலும் பல்லில் நெறநெறக்கும். கழற்றிய ஸ்க்ரூக்களை மேசையில் வைத்தால் உருண்டு ஓடிவிடும் என்று உதட்டில் கவ்விக்கொண்டே வேலை பார்ப்பது தொழில் கற்ற நாளிலிருந்து அவன் பழக்கம். அந்த வகையில் ஊரிலுள்ள துருவையெல்லாம் தின்றிருக்கிறான். ஆனால் இது வேறு. வெயிலில் கிடந்து கெட்டுப்போன பலாச்சுளையின் தித்திப்பு. வாயைத் திறந்தால் ஸ்க்ரூ விழுந்துவிடும் என்பதால், ஊறிய எச்சிலை விழுங்கிவிட்டு ஹார்ட் டிஸ்க்கை உருவி எடுத்தான்.

இன்றைக்குக் கடையையே திறந்திருக்கக் கூடாது. விடியற்காலையில்தான் மனைவி ஹஃப்சாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. எட்டு வருடம் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, கேட்காத பேச்சு இல்லை; அதற்கப்புறம் வந்த குழந்தை. அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், தண்டையார்பேட்டையில் ராத்திரி அவசரத்தில் பூட்டாமல் விட்ட தன் கடை ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போகத்தான் வந்தான். வாசலில் விமல் ஒரு சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விமலுக்கு மீஞ்சூரில் வேலை, குடித்தனம். அவன் அப்பா தாமோதரன் நெட்டுக்குப்பத்து வீட்டில் தனியாக இருந்தவர். கடலுக்குப் போவதை நிறுத்தியபின் பொழுதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாராம். செத்துப்போனார். நாளைக்குக் காரியம்.

"மாலை போட ஒரு போட்டோ இல்ல பாய். எல்லாம் இதுக்குள்ளதான் கீது. ஆன் பண்ணா டிஸ்க்கு டக்டக்குனு அடிச்சிகினு நின்னுபோவுது."

தகப்பன் படத்துக்காக வந்தவனைத் திருப்பி அனுப்ப தவ்ஃபீக்குக்கு மனசு வரவில்லை. புது டிஸ்க் போட்டு, பழையதிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்துத் தருவதாகச் சொல்லிச் சாயங்காலம் வரச் சொன்னான்.

பழைய டிஸ்க்கை மேசையில் வைத்தபோதுதான் அக்கா சாபிரா போன் செய்தாள்.

"டேய், பள்ளிவாசல் ஹஜரத்துக்கு ஒடம்பு சரியில்லயாம். நீயே வந்து புள்ளைக்கு இனிப்பு வச்சிட்டுப் போ. வச்சவங்க மாதிரிதான் புள்ள வரும்னு சொல்வாங்க. அப்பன மாதிரியே வரட்டுமே."

பிறந்த குழந்தைக்குப் பெரியவர் ஒருவர் பேரீச்சம்பழத்தை மென்று, அந்த விழுதை விரலால் எடுத்து அண்ணத்தில் தடவுவது அவர்கள் வழக்கம். தன்னைப் போய்ப் பெரிய மனுஷனாக்கிவிட்டார்களே என்று சிரித்துக்கொண்டே எழுந்தான். கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். வாயைக் கழுவத் தோன்றவில்லை.

ராயபுரத்து நர்சிங் ஹோமில் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை மென்றான். அந்த இன்னொரு தித்திப்பு நாக்கின் அடியில் இன்னும் இருந்தது. பழத்தின் தித்திப்பு என்றே நினைத்துக்கொண்டான். விரலை வைத்ததும் குழந்தை ஆசையாகச் சப்பியது. ஹஃப்சா அழுதுகொண்டே சிரித்தாள். உலகத்தில் தனக்கு இனி ஒன்றும் வேண்டாம் என்று அவனுக்கு இருந்தது.

கடைக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமிக்கொண்டிருக்க, காசிமேட்டு மீன்வாடையும் டீசல் புகையும் ஈரத்தில் ஒன்றாய்க் குழைந்து ஷட்டருக்குள் வந்தன. ஆனால் கடைக்குள் அதையும் அமுக்கிக்கொண்டு வேறொரு வாடை நின்றது. எலி செத்திருக்குமோ என்று பெஞ்சுக்கடியில் குனிந்து பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. குனிந்தபோது குறைந்த வாடை, நிமிர்ந்து ஹார்ட் டிஸ்க்குக்கு நேராக முகம் வந்ததும் அடித்தொண்டைவரை ஏறியது.

டிஸ்க்கின் அடியிலிருந்த சர்க்யூட் பலகையைக் கழற்றினான். இந்தமுறை ஸ்க்ரூவை உதட்டில் வைக்கவில்லை. பலகைக்குக் கீழே உறைந்த நெய் மாதிரி ஏதோ பழுப்பாகப் படிந்திருந்தது. கரப்பான் கூடு கட்டிய பெட்டியெல்லாம் பார்த்தவன் அவன். இது கரப்பான் எச்சம் இல்லை. நகத்தால் சுரண்டினால் வழுக்கியது. சுரண்டியதோடு ஒரு நரைமுடி நீளமாக வந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, செம்பு முனைகளை ரப்பரால் தேய்த்து, பலகையைத் திரும்பப் பூட்டிக் கடைக் கம்ப்யூட்டரோடு இணைத்தான்.

டிஸ்க் இரண்டுமுறை அடித்தது. பிறகு சுற்ற ஆரம்பித்தது.

படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. எல்லாம் ஒரே இடம். திருட்டுப் பயத்துக்கு யாரோ மானிட்டர் மேல் கேமரா வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாகப் படமெடுக்கும்படி செய்திருக்கிறார்கள். பனியன் போட்ட நரைத்தலைக் கிழவர் திரையைப் பார்த்துச் சிரிக்கிறார். டீ குடிக்கிறார். கொட்டாவி விடுகிறார். அந்தச் சிரித்த படமே மாலைக்குப் போதும் என்று தவ்ஃபீக் தனியாக எடுத்து வைத்தான். அப்படியே அம்புக்குறி விசையைத் தட்டிக்கொண்டு போனான்.

ஒரு படத்தில் கிழவர் மேசைமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார். முகம் கேமராவை நோக்கி. வாய் திறந்திருந்தது.

அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

குழல்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கண்ணில் ஈ உட்கார்ந்தது. கன்னம் பச்சையாகியது, பிறகு கறுத்தது. உடம்பு பனியனை மீறி ஊதியது. வாயிலிருந்து பழுப்பாக ஒன்று வழிந்து, மேசை விளிம்புக்கு வந்து, கீழே சொட்டியது. கீழே சிபியூ இருந்தது.

தவ்ஃபீக்கின் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

அந்த ஸ்க்ரூ. அந்தத் தித்திப்பு. விழுங்கிய எச்சில்.

சாக்கடைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். ஒன்றுமில்லாமல் பித்தநீர் வரும்வரை எடுத்தான். வாயில் சோப்பைப் போட்டுத் தேய்த்தான். கடைவாய்ப் பல்லிடுக்கில் ஏதோ நெருடியது. விரலைவிட்டு இழுத்தான். முடி. நரைமுடி.

அவன் விரல். அதே விரலைத்தான் குழந்தை சப்பியது.

"போட்டோ கெட்ச்சிதா பாய்?"

விமல் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான். தவ்ஃபீக் திரையைக் காட்டினான். விமல் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தினி நாளு இப்டியே கெடந்தாரு?"

"தெர்லியே பாய். நான் போயி கதவ ஒட்ச்சப்பதான்…"

"ஏன்டா காலையில சொல்லல?"

"சொன்னா தொட்டிருப்பியா பாய்? எத்தினி கடை ஏறி எறங்குனேன். பொட்டிய நல்லா தொட்ச்சித்தான் எட்த்தாந்தேன்."

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. கைதான் எழவில்லை. மேசையில் ஊன்றிய கை அம்புக்குறி விசைமேல் பட்டு அழுந்திக்கொண்டது. படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வேகமாக ஓடின. ஒற்றைப் படமாகப் பார்த்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது.

கறுத்த தாடை இடப்பக்கம் போனது. நின்றது. வலப்பக்கம் வந்தது. நின்றது. மறுபடி இடப்பக்கம்.

"வாயப் பாரு," என்றான் தவ்ஃபீக்.

"பொணம் ஊதுனா அப்டித்தான் அசையும்." விமல் பார்க்காமலேயே சொன்னான். "போட்டோவ மட்டும் குடு பாய். நான் போறேன்."

அப்படித்தான் இருக்கும். ஊதினால் அசையும். அதை நம்பினால் போதும் என்று தவ்ஃபீக்குக்கு இருந்தது. ஆனால் கடைசிப் படம் வரை அது மென்றுகொண்டேதான் இருந்தது. எதை? அந்த வாயில் ஒன்றுமே இல்லையே.

போன் அடித்தது. சாபிரா. எடுக்காமல் வண்டியைக் கிளப்பினான்.

மழையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போனான். ஒன்றும் ஆகியிருக்காது. ஆகாது. யா அல்லாஹ், எனக்கு எது வேண்டுமானாலும் வரட்டும். அவளுக்கு வேண்டாம்.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது படியேறினான். அறை வாசலிலேயே சாபிரா நின்றாள்.

"எங்கடா போன? புள்ள பாலே குடிக்க மாட்டேங்குது. நீ வச்சிட்டுப் போனதுலருந்து வாய மென்னுகினே கீது. நர்ஸு வந்து வெரல விட்டுப் பாத்துட்டா. வாயில ஒண்ணுமே இல்லடா."

ஹஃப்சா சுவரோரம் திரும்பிப் படுத்திருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். பெற்றவள், மூக்கைப் பொத்தியிருந்தாள்.

தொட்டிலில் குனிந்தான். வாடை முகத்தில் அடித்தது.

குழந்தை அழவில்லை. கண் திறந்திருந்தது. பல் முளைக்காத சின்னத் தாடை இடப்பக்கம் போனது. நின்றது. வலப்பக்கம் வந்தது. கடைவாயில் பழுப்பாக ஒரு துளி திரண்டு, கன்னத்தில் இறங்கி, வெள்ளைத் துணியில் சொட்டியது. தாடை மறுபடி இடப்பக்கம் போனது.