துணி மடிக்கும் பக்கங்கள்

படத்தில் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவன் வெள்ளையாகத்தான் விட்டிருந்தான். மறுநாள் பார்த்தபோது அங்கே கறுப்பு இருந்தது. நகத்தளவு. மை தெறித்திருக்கும் என்று நினைத்து, வெள்ளைப் பெயின்ட் தொட்டு மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

அவன் படக்கதை வரைகிறவன். காகிதம், தூரிகை, மை. கம்ப்யூட்டரில் வரைவது அவனுக்கு ஒத்துவராது. இப்போது கையில் இருந்தது உண்மையில் நடந்த ஒரு கொலையின் கதை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பதற்கு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒரு சாயங்காலம் மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போயிருக்கிறாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் பின்கதவு வழியாக ஒருவன் வந்து வீட்டுக்குள் ஒளிந்துகொண்டான். அவள் திரும்பி வந்து, துணி மடித்து, டீ போட்டு, வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது தெரியாமலேயே நெடுநேரம் நடமாடியிருக்கிறாள். பிடிபட்டவன் கோர்ட்டில் சொன்னது அது.

பதிப்பகத்தின் ஆசிரியர், அவன் அக்கா என்று கூப்பிடுகிறவள், முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். கொலையைக் காட்டக் கூடாது. கொன்றவனையும் காட்டக் கூடாது, நிழலாகக்கூட. பெண் துணியோடு உள்ளே வருவது ஒரு பக்கம். மறுநாள் காலை வாசலில் எடுக்காமல் கிடக்கும் பால் பாக்கெட் அடுத்த பக்கம். நடுவில் நடந்தது நடுவிலேயே கிடக்கட்டும்.

செத்துப்போன பெண்ணின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஃபோனில், அவனிடமே.

"அவ பயந்த மாதிரி மட்டும் வரஞ்சிராதீங்க தம்பி. கரப்பான்பூச்சிய கையால புடிச்சு வெளிய போடுறவ அவ."

சரிம்மா என்றான்.

நிஜ முகத்தைப் போடக் கூடாது என்பதால் வேறு முகம் தேவைப்பட்டது. அவனுக்குக் கற்பனையில் வரைய வராது, பார்த்ததைத்தான் வரைவான். எனவே வீடு அவன் வீடாயிற்று: அதே சமையலறை, அதே ஃப்ரிட்ஜ், அதே பின்கதவு. முகம் அவன் மனைவியின் முகமாயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அவன் கதைகளில் வந்த ராணி, நர்ஸ், பேய் எல்லாவற்றுக்கும் அவள்தான் நின்று கொடுத்தாள். "பேய்க்கு மட்டும் மேக்கப்பே வேணாம்ங்கிறியே, என்ன அர்த்தம்?" என்று ஒருமுறை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கோடையின் தொடக்கத்தில், பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது போர்த்தியிருந்தார்கள்.

துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் சமையலறையில் நிற்கும் பக்கத்தை முடித்தான். அடுத்தது பால் பாக்கெட். கை போகவில்லை. ஒரு துணியையாவது மடித்துவிடட்டும் என்று இன்னொரு கட்டம் போட்டான்.

பிறகு இன்னொன்று. சட்டையின் கைகளை முதலில் உள்ளே மடிப்பாள், மடிக்கும்போது நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அவனே மறந்துபோயிருந்தான், கை மறக்கவில்லை. ஜோடி தப்பிய ஒரு காலுறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். டீயை ஊதுகிறாள். மாதக்கணக்கில் மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று அவன் நெஞ்சில் லேசாக அசைந்து கொடுத்தது. அவன் வரைந்துகொண்டிருக்கும்வரை அந்தச் சாயங்காலம் முடியாது. பால் பாக்கெட் வராது.

வரைந்ததை ஃபோட்டோ எடுத்து அனுப்பியதும் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, நான் கேட்டது கொலைக் கதை. நீ சலவைக் கடை நடத்திட்டிருக்க. பக்கம் பக்கமா துணி மடிக்கிறா."

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா."

அக்காவும் அவன் மனைவியின் சாவுக்கு வந்தவள்தான். முகம் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா.

"நாளைக்கு அச்சுக்குப் போகணும்ப்பா. அவள அனுப்பி வச்சிரு." குரலைச் சரிசெய்துகொண்டாள். "அப்புறம், ஆள் வேணாம்னுதானே சொன்னேன்? எதுக்கு நிலைப்படியில ஒருத்தன நிக்க வச்சிருக்க?"

அவன் ஃபோனை வைத்தான். பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினான்.

முதல் பக்கத்தில், ஃப்ரிட்ஜின் ஓரம், அவன் பூசிய வெள்ளை வெடித்து உதிர்ந்திருந்தது. உள்ளே ஒரு தோள் அகலத்துக்குக் கறுப்பு. காலுறைப் பக்கத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. கறுப்பு நிலைப்படிக்கு வந்திருந்தது. டீ குடிக்கும் பக்கத்தில் அவள் நாற்காலிக்குப் பின்னால். அவள் கோப்பையை ஊதிக்கொண்டிருந்தாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது; மழை பெய்யலாமா வேண்டாமா என்பதுபோல ஜன்னல் தகரத்தில் ஒன்றிரண்டு சொட்டுகளாகத் தட்ட, அறை முழுக்க மையின் கசப்பு வாசனையும் அதற்கு அடியில், யாரோ நெடுநேரம் ஓரிடத்தில் அசையாமல் நின்றால் வருகிற வியர்வைப் புழுக்கமும் கலந்து வந்தன. சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தான். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் தூசி இருந்தது. ஒரு துணி கிளிப் கிடந்தது. வேறொன்றும் இல்லை. ஆனால் தூசி கலைந்திருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். வரைவதை நிறுத்தினால் அடுத்தது பால் பாக்கெட். தொடர்ந்து வரைந்தால் கறுப்பு நெருங்கும். அனுப்பி வச்சிரு என்றாளே அக்கா. சரி, அனுப்பிவிடுவது. வீட்டைவிட்டே. உண்மைக் கதையை மாற்றக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். நாளைக்கு யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

புதுக் காகிதம் எடுத்தான். பின்கதவு. தாழ்ப்பாள். தாழ்ப்பாளில் அவள் கை. முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினான், போகும்போது ஒருதரம் பார்த்துக்கொள்ள. பயமில்லாத முகம். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற முகம். அடுத்த கட்டத்தில் கதவு திறந்திருக்கும், அவள் தெருவில் இருப்பாள்.

தூரிகையைத் தண்ணீரில் அலசினான்.

சமையலறையில் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. பாதி. நின்றது.

அவன் எழவில்லை. காகிதத்தைப் பார்த்தான்.

தாழ்ப்பாளில் இரண்டு கைகள்.

அவள் கைமேல் இன்னொரு கை. தடித்த விரல்கள். மற்ற மையெல்லாம் காய்ந்து மங்கியிருந்தது. அந்தக் கை மட்டும் பளபளத்தது. ஈரம்.

ஈர மையைத் தொடக் கூடாது. காயவிட்டு, மேலே வெள்ளை பூச வேண்டும். தூரிகை பிடித்த முதல் நாளே படித்த பாடம். ஆனால் அது அவள் கையைப் பிடித்திருந்தது. காயும்வரை பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

கட்டைவிரலால் துடைத்தான்.

மை இழுபட்டு மேலேறியது. மணிக்கட்டு. தோள். கழுத்து. அழுத்தித் துடைத்தான். இன்னும் மேலே போயிற்று.

விரலை எடுத்தான்.

அகல விரிந்த ஓர் உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியிருந்தது.

அதற்கு மேலே கண்கள். அவன் வரைந்தவை அல்ல. இத்தனை வெள்ளையை அந்தக் கண்களில் அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவை பின்னால் நின்றவனைத் தேடவில்லை. வரைந்தவனின் மை படிந்த கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தன.