ஒரு குச்சி, ஒரு பொத்தான்

தும்பிக்குப் பத்து வயது. ஓர் இடத்தில் உட்காரவே மாட்டாள் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. அப்படிப்பட்டவளை ஒரு சனிக்கிழமை அவளுடைய அத்தை பட்டறையில் பிடித்து உட்காரவைத்தார்.

அத்தை பழுதான மின்சாதனங்களைச் சரிசெய்பவர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அன்றுதான் பிழைக்க வைத்திருந்தார். பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரே அந்தக் கீபோர்டுக்குள்தான் இருக்கிறதாம். அதோடு ஒரு சின்ன டிவி, கேசட் போட ஒரு பெட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டை. கட்டையின் நடுவில் ஒரு குச்சி, மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான். பத்து நிமிடம் விளையாடிப் பார்த்து, குச்சி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தும்பி சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை.

கேசட் சுழல ஆரம்பித்ததும் 'கீய்ய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ பூனையின் வாலை மிதித்துவிட்டுக் காலை எடுக்க மறந்துவிட்டதுபோல் இருந்தது. விளையாட்டு அந்தக் கேசட்டில் சத்தமாகத்தான் பதிவாகியிருக்கிறது, நான்கு நிமிடம் அப்படித்தான் கத்தும், பிறகு திரையில் வந்துவிடும் என்று அத்தை சொன்னார். தும்பி காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒருவழியாகப் படம் வந்தது. கறுப்புத் திரையில் ஒரு கலங்கரை விளக்கம். அடியில் கையில் தீப்பந்தத்தோடு ஒரு குட்டி ஆள். நாலைந்து சதுரங்களை ஒட்டி வைத்தால் அவன்தான். மூக்கு இல்லை, வாய் இல்லை.

"அத்தை, இவனுக்கு முகத்தையே காணோமே," என்றாள் தும்பி.

"விளையாடிப் பாரு. அப்புறம் முகம் தெரியும்," என்றார் அத்தை, வேலையிலிருந்து தலை தூக்காமல்.

குட்டி ஆள் நாற்பது மாடி ஏறவேண்டும். மாடிக்கு ஒரு விளக்கு ஏற்றவேண்டும். நடுவில் படிகள் உடைந்திருக்கும், ஜன்னல் வழியாகக் காற்று வந்து தள்ளும். குச்சியை அசைத்தால் நடப்பான், பொத்தானை அமுக்கினால் தாவுவான். விழுந்தால் மறுபடியும் முதல் மாடி.

தும்பி விழுந்தாள். ஏறினாள். மறுபடி விழுந்தாள். குட்டி ஆள் ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு நொடி தலையை அவள் பக்கம் திருப்பினான். 'என்ன இப்படிப் பண்ணிட்டே' என்று கேட்பதுபோல் இருந்தது. முகமே இல்லாதவன் எப்படி முறைக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. பத்து நிமிடம் என்று உட்கார்ந்தவளை இரண்டு மணி நேரம் கழித்து அத்தைதான் சாப்பிடக் கிளப்பவேண்டியிருந்தது. அப்போதும் அவள் பன்னிரண்டாவது மாடியைத் தாண்டியிருக்கவில்லை.

சாப்பிடும்போதுதான் அவளுக்குப் புயல் ஞாபகம் வந்தது.

புயல் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பையன் அடுத்த தெருவில் இருப்பவன், அவளுடைய வகுப்பு. கம்ப்யூட்டர் விளையாட்டில் அவனை அடிக்க ஆள் கிடையாது. இரண்டு கையாலும் பத்துப் பன்னிரண்டு பொத்தான்களை மாற்றி மாற்றி அமுக்குவான். போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கை முறிந்துவிட்டது. விரல் வரை மாவுக்கட்டு. தினமும் சாயங்காலம் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து விளையாடுவார்கள். இப்போது அந்தக் கூட்டத்தில் அவன் இல்லை. பார்க்கப் போனவர்களிடமும் தூங்கப்போகிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். மத்தியானம் மூன்று மணிக்கு யார் தூங்குவார்கள்?

ஒரு குச்சி, ஒரு பொத்தான். இதற்கு எதற்குப் பத்து விரல் என்று தும்பி நினைத்தாள். ஆனால் உடனே ஓடிவிடவில்லை. அத்தையின் துண்டால் தன் வலது கையைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முதலில் தானே விளையாடிப் பார்த்தாள். இரண்டாவது மாடியிலேயே விழுந்தாள். இடது கை குச்சியைப் பிடித்தால் பொத்தானுக்குக் கை இல்லை. பொத்தானுக்குப் போனால் குச்சிக்கு இல்லை. முழங்கையால் அமுக்கிப் பார்த்தாள். மூக்காலும் அமுக்கிப் பார்த்தாள். மூக்கு ஓரளவு பரவாயில்லை, ஆனால் திரை தெரியவில்லை.

பொத்தானுக்கு இன்னொரு ஆள் வேண்டும். அதுதான் வழி. ஆனால் உதவி செய்ய வந்திருக்கிறேன் என்று போய் நின்றால் புயல் கதவையே திறக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அத்தை டிவியைத் தூக்கிக்கொள்ள, தும்பி மற்றதையெல்லாம் சுமக்க, இருவரும் அவன் வீட்டுக்குப் போனார்கள். புயலின் அம்மா நர்ஸ். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் இவர்களைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே கைகாட்டினார்.

புயல் படுத்தபடியே பார்த்தான். "எனக்குப் பாவம் பார்த்து எதாவது கொண்டு வந்திருக்கியா?"

"இல்லை. எனக்குத்தான் உதவி வேணும்," என்றாள் தும்பி. "பன்னிரண்டாவது மாடியை என்னால தாண்ட முடியல. காற்று அடிக்கும்போது குச்சியை எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. உனக்குத்தான் அது வரும். நீ குச்சியைப் பிடி, நான் தாவுறதைப் பார்த்துக்கறேன்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தானோ என்னவோ அவன் எழுந்து உட்கார்ந்தான்.

நான்கு நிமிடக் கத்தலைக் கேட்டு அவன் சிரிக்க ஆரம்பித்தான். குட்டி ஆளைப் பார்த்ததும் இன்னும் சிரித்தான். தன் தம்பி முதல் வகுப்பிலேயே இதைவிட நன்றாக வரைந்தான் என்றான்.

முதல் தடவை மூன்றாவது மாடியில் விழுந்தார்கள். அவன் 'தாவு' என்று சொல்லி, அவள் அதைக் கேட்டுப் பொத்தானை அமுக்குவதற்குள் குட்டி ஆள் கீழே கிடந்தான். தலையைத் திருப்பி இருவரையும் பார்த்தான்.

"இவன் முறைக்கிறானா?" என்றான் புயல்.

"உனக்கும் அப்படித்தான் தெரியுதா?"

புயல் நிமிர்ந்து உட்கார்ந்தான். இன்னொரு தடவை என்றான்.

அப்புறம் தும்பி ஒன்றைக் கவனித்தாள். படியின் ஓரம் வரும்போதெல்லாம் புயல் மூச்சை இழுத்துப் பிடித்தான். அவன் சொல்வதற்காகக் காத்திருக்காமல், அந்த மூச்சைக் கேட்டே அவள் பொத்தானை அமுக்கத் தொடங்கினாள். குட்டி ஆள் சரியாகத் தாவினான். ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறினான். பன்னிரண்டாவது மாடியில் காற்று வந்தபோது புயல் குச்சியை எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்த்துப் பிடித்தான். விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு நொடியில் பதின்மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தார்கள்.

இடையில் சேமித்து வைத்துக்கொள்ள வழியே இல்லையா, அநியாயமாக இருக்கிறதே என்று புயல் அலுத்துக்கொண்டான். கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும் அந்தப் பாட்டையும் திட்டினான். ஆனால் குச்சியை விடவில்லை. விழுவது ஒவ்வொன்றும் தங்கள் தப்பால்தான், விளையாட்டு ஒருமுறைகூட ஏமாற்றவில்லை என்று அவனே சொன்னான். அவன் வாயிலிருந்து அது சின்னப் பாராட்டு இல்லை.

திங்கட்கிழமைக்குள் விஷயம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து விளையாடுகிறவர்கள் எல்லாம் புயலின் அறையில் வந்து நெருக்கியடித்தார்கள். தனியாக இரண்டு கையால் விளையாட யாரும் கேட்கவில்லை. ஜோடி ஜோடியாக வரிசையில் நின்றார்கள். வகுப்பில் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு பதினேழாவது மாடி வரை போனார்கள்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை தும்பியும் புயலும் நாற்பதாவது விளக்கை ஏற்றினார்கள்.

திரை ஒரு கணம் இருண்டது. பிறகு நீலக் கோடு ஒன்று வந்தது, அதன்கீழ் இன்னொன்று, இன்னொன்று. அது கடல். அதுவரை இருட்டாக இருந்த இடமெல்லாம் கடல்தான். தூரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. குட்டி ஆள் தீப்பந்தத்தைக் கீழே வைத்துவிட்டு, மாடி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான்.

டிவியை எடுத்துப்போக வந்திருந்த அத்தை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு போட்டோ எடுத்தால் அது பிடிக்கிற இடத்தில் இந்த விளையாட்டு ஐம்பது தடவை அடங்கும் என்று அவர் சொன்னபோது யாராலும் நம்ப முடியவில்லை.

"அவ்வளவு சின்ன இடத்துலயும் படகுக்கு இடம் ஒதுக்கியிருக்காங்களே," என்றான் புயல் மெதுவாக.

அடுத்த மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். புயல் பழையபடி பத்து விரலும் பறக்கப் புது விளையாட்டுகளுக்குப் போய்விட்டான். அங்கேயும் பழையபடி ஜெயித்தான். தும்பிக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அவள் பட்டறையில் தனியாக உட்கார்ந்து கேசட்டைச் சுழலவிட்டபோது, வாசலில் சைக்கிள் மணி கேட்டது. புயல் உள்ளே வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். குணமான வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, இடது கையால் குச்சியைப் பிடித்தான்.

"பொத்தான் உன்னோடது," என்றான்.