மாமா ஓடிய பக்கம்

அந்த வருடம் பொல்பி குழு ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை.

பொல்பி என்றால் இத்தாலிய மொழியில் பேய்க்கணவாய்கள், அதாவது ஆக்டோபஸ்கள். பலெர்மோ நகரத்தின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவுக்கு யாரோ அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். கால்பந்து என்று பெயர்தான். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். பந்தும் உருண்டையாக இருக்காது. உரிக்காத தேங்காய் போல இரண்டு முனையும் கூராக இருக்கும்.

"எட்டுக் கை இருந்தும் ஒரு பந்தைப் பிடிக்க முடியவில்லையே!" என்று கபோ சந்தையில் மீன் விற்கிறவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் அப்படிச் சிரிக்கும்போது தனேஸ் மாமா அங்கேயே மீன்பெட்டி தூக்கிக்கொண்டு நிற்பார். அவர் கேசிகா என்ற பள்ளிக்கூடச் சிறுமியின் அம்மாவுடைய தம்பி. அலுமாரி போன்ற உடம்பு. குழு கொடுக்கும் சம்பளம் போதாது என்பதால் காலையில் சந்தையில் வேலை செய்தார். மாலையில் ஊதா நிறத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனார்.

குழுவில் அவருடைய வேலை சுவர் மாதிரி நிற்பது. எதிராளிகளை வரவிடாமல் தடுக்க வேண்டும். பந்து அவருடைய கைக்கு வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வந்ததும் இல்லை.

அன்று இரண்டு குழுவும் சமமாக இருந்தன. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் யாருடைய கையிலிருந்தோ நழுவிய பந்து, இரண்டு தலைக்கவசங்களில் மோதி, மாமாவின் வயிற்றில் வந்து விழுந்தது. மாமா அதைக் கட்டிப்பிடித்தார். யாரோ இடித்ததில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு ஓடினார்.

அப்படி ஓர் ஓட்டம்! ஒருவரும் குறுக்கே வரவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

அது அவருடைய குழுவின் சொந்த எல்லை. மறுபக்கம் ஓட வேண்டியவர் இந்தப் பக்கம் ஓடி வந்திருந்தார். எதிராளிகளுக்கு இரண்டு புள்ளி கிடைத்தது. பொல்பி தோற்றது.

யாரோ அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்திருந்தார்கள். அடுத்த நாளே நகரம் முழுக்கப் பார்த்துவிட்டது.

பள்ளிக்கூட முற்றத்தில் சால்வோ தன் அண்ணனின் தொலைபேசியை நீட்டிப் பிடித்திருந்தான். அவனைச் சுற்றி வகுப்பே நின்றது.

"இப்போது திரும்புவான் பாருங்கள்! ஆ, திரும்பிவிட்டான்!"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இடையில் ஏதோ கீச்சென்று கேட்கிறதே, அது என்ன?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பூனையின் வாலை யாரோ மிதித்திருப்பார்கள்" என்றான் சால்வோ.

கேசிகாவுக்குக் காது சுட்டது. அது பூனை இல்லை. அது அவளுடைய குரல். "மாமா! இஞ்சை! இஞ்சை ஓடி வாங்கோ!" என்று தமிழில் கத்தியது அவள்தான்.

அன்று நல்ல வெயில். மைதானத்தில் ஒரே ஒரு மூலையில் மட்டும் பைன் மர நிழல் இருந்தது. அம்மா எங்கே போனாலும் முதலில் நிழலைத்தான் தேடுவாள். அங்கே பாயை விரித்து, வடைப் பெட்டியைத் திறந்து, வந்திருந்த தமிழ் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். அந்த மூலைக்கு முன்னால்தான் அந்த நேரம் பொல்பியின் சொந்த எல்லை இருந்தது. மாமாவின் கையில் பந்தைக் கண்ட சந்தோஷத்தில் கேசிகா அதையெல்லாம் யோசிக்கவில்லை. கூப்பிட்டாள். மாமா வந்தார்.

"கேசிகா, இவனும் தமிழன்தானே? உன் வீட்டு ஆளா?" என்று சால்வோ கேட்டான்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன், பலெர்மோவில் இருக்கிற எல்லாத் தமிழரும் என் வீட்டிலா இருக்கிறார்கள்? எனக்கு அவரைத் தெரியாது" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் வாசல் படலையைப் பார்த்தாள். அங்கே தனேஸ் மாமா நின்றார். சந்தையிலிருந்து அப்படியே வந்திருந்தார். காலில் ரப்பர் சப்பாத்து. கையில், அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த புல்லாங்குழல்.

அவருக்குக் கேட்டிருக்கும். அவ்வளவு கிட்டத்தில் நின்றார்.

மாமா அவளைப் பார்க்கவில்லை. படலையில் காவலுக்கு நின்ற பெண்ணிடம் இத்தாலிய மொழியில் பணிவாகக் கேட்டார். "சிஞ்ஞோரா, இங்கே கேசிகா என்று ஒரு பிள்ளை படிக்கிறாளாம். அவளுடைய அம்மா இதைக் கொடுக்கச் சொன்னார்."

"நான்தான்" என்றாள் கேசிகா.

"இந்தாருங்கள், சிஞ்ஞோரினா."

புல்லாங்குழலைக் கொடுத்துவிட்டு, தெரியாத ஒருவர் போலவே போய்விட்டார்.

சங்கீத வகுப்பில் கேசிகா ஊதியபோது வெறும் காற்றுத்தான் வந்தது.

அன்று மாலை இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே புட்டுச் சாப்பிட்டார்கள். அவர் திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். அவர் மீன் குழம்பைத்தான் அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"என்ன, ரெண்டு பேருக்கும் வாயிலை கொழுக்கட்டையோ?" என்று அம்மா கேட்டாள். பிறகு கதவில் தொங்கிய ஊதாச் சட்டையைக் காட்டினாள். "ஞாயிற்றுக்கிழமைக்கு அயர்ன் பண்ணி வைச்சிருக்கிறன் பிள்ளை."

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் பொல்பி வீரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வருவார்கள். அது அந்தக் குழுவின் வழக்கம். கேசிகாவின் பெயரை மாமா எப்போதோ கொடுத்துவிட்டார்.

"அவவுக்கு அடுத்த நாள் கணக்குச் சோதினை இருக்கு அக்கா. இருந்து படிக்கட்டும். நான் தனியப் போறன்" என்றார் மாமா.

அப்படி ஒரு சோதனையே இல்லை. தனக்காக மாமா இரண்டாவது தடவையும் பொய் சொல்கிறார் என்று கேசிகாவுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வடைப் பெட்டியோடு புறப்பட்டாள். "தோத்தாலும் வெண்டாலும் வடை வடைதான்" என்றாள்.

"அம்மா, நானும் வாறன்."

"அப்ப கணக்கு?"

"எல்லாம் முடிஞ்சுது."

அவள் ஊதாச் சட்டையைப் போட்டு, அதன் மேலே வேறொரு சட்டையையும் போட்டுக்கொண்டாள். துணிவு இன்னும் முழுதாக வரவில்லை.

மைதானத்தில் என்றும் இல்லாத கூட்டம். பாதிப் பேர் சிரிப்பதற்காகவே வந்திருந்தார்கள். முன் வரிசையில் சால்வோ, பின்பக்கமாக ஓடிக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. ஒவ்வொரு வீரரும் ஒரு பிள்ளையோடு வந்தார். தனேஸ் என்று கூப்பிட்டதும் மாமா மட்டும் தனியே வந்தார். இடது கையில் தலைக்கவசம். வலது கை சும்மா தொங்கியது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

"ஏய், மறுபக்கம்! மறுபக்கம்!" என்று கூட்டம் கத்தியது.

கேசிகா மேல்சட்டையைக் கழற்றி அம்மாவின் மடியில் போட்டாள். முன் வரிசைக்குப் போய் சால்வோவின் முன்னால் நின்றாள்.

"அந்த வீடியோவில் கத்தியது பூனை இல்லை. நான். அவர் என் மாமா. நான் கூப்பிட்டேன், அதனால்தான் இந்தப் பக்கம் ஓடி வந்தார்."

சால்வோ பின்பக்கமாக ஓடுவதை நிறுத்தினான். "அப்படியென்றால் பிழை உன்னுடையதா?"

"ஓம்" என்றாள். தமிழில் சொன்னதை அவளே கவனிக்கவில்லை. அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தாள்.

தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்ததும் மாமா நின்றார்.

"கணக்குச் சோதினை?" என்று கேட்டார்.

"இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

இரண்டு பேரும் வரிசையை நோக்கி நடந்தார்கள்.

"மாமா, அண்டைக்குக் கூப்பிட்டது நான்."

"தெரியும் பிள்ளை. அந்தக் கூட்டத்திலை என்னை மாமா எண்டு வேறை ஆர் கூப்பிடுறது?"

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நீ கூப்பிட்டாய், நான் வந்தன். இதிலை சொல்ல என்ன கிடக்கு?"

"பள்ளிக்கூடத்திலை நான் உங்களை..." மாமா அவளுடைய விரல்களை ஒரு தரம் இறுக்கிப் பிடித்தார்.

அவரை வரிசையில் விட்டுவிட்டு வந்த கேசிகா, நேரே பைன் மர நிழலுக்குப் போனாள். ஆட்டம் தொடங்கும்போது அந்தப் பக்கம்தான் பொல்பியின் சொந்த எல்லை.

"அம்மா, எழும்புங்கோ. பாயைச் சுருட்டுங்கோ. நாங்கள் அங்காலைப் பக்கம் போவம்."

"உனக்கென்ன விசரோ? அங்கை ஒரே வெய்யில்!"

"காய்ஞ்சால் காயட்டும். மாமா பந்தோடை வந்தால், வரவேண்டிய பக்கத்திலை நாங்கள் இருக்கோணும்."

அம்மா வடைப் பெட்டியை மூடினாள். பிறகு பாயைச் சுருட்டினாள். தமிழ் ஆட்கள் எல்லோரும் எழும்பி, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, வெயிலில் போய் உட்கார்ந்தார்கள்.

ஆனால் அந்த விளையாட்டில் ஒவ்வொரு கால்வாசி நேரம் முடியும்போதும் குழுக்கள் பக்கம் மாறும். மணி அடித்ததும் பாய், குடை, போத்தல், பெட்டி எல்லாம் மறுபக்கம் போக வேண்டும். இரண்டாவது முறை மாறும்போது வடைப் பெட்டியின் மற்றப் பிடியை யாரோ பிடித்தார்கள். சால்வோ. அவனுடைய வாயில் ஏற்கெனவே ஒரு வடை இருந்தது.

"நீ சிரிக்க வந்தவன்தானே?" என்றாள் கேசிகா.

"சிரித்து முடித்துவிட்டேன்" என்றான் அவன், மென்றுகொண்டே.

அன்றும் பொல்பி தோற்றது. மாமாவிடம் பந்து வரவே இல்லை. ஆனாலும் பக்கம் மாறிய ஒவ்வொரு முறையும், அவர் தலைக்கவசத்தைக் கொஞ்சம் திருப்பி, பாய் எங்கே விரித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பிறகுதான் சுவர் மாதிரி நின்றார்.