நிழல் விருந்து

கையை அவள் முதலில் இறக்கினாள். நிழல் கொஞ்சம் பிறகுதான் இறக்கியது.

கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிப்பவள் அவள். தன் கண்ணை அவ்வளவு எளிதில் சந்தேகப்பட மாட்டாள். வரவேற்பறையின் குறுக்கே கட்டியிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புக்குப் பின்னால், மேசை விளக்குக்கு முன்னால் நின்றபடி மறுபடி கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். இந்த முறை சரியாகத்தான் இருந்தது. மின்விசிறிக் காற்றில் துணி ஆடியிருக்கும் என்று விசிறியை நிறுத்தினாள். நிறுத்தியதும் சூடேறிய பல்பின் வாசனையும் துவைத்த துணியின் சோப்பு வாசனையும் அறையில் தேங்கின. அவற்றுக்கு அடியிலிருந்து, மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனையும் மெல்ல எழுந்தது.

"இன்னும் முடியலையா? எல்லாரும் வர்ற நேரமாச்சு," என்று கணவன் எட்டிப் பார்த்தான். "மைனா வீட்ல ரயில் மாதிரி பண்ணியிருந்தாங்களே, அது மாதிரி ஏதாவது..."

அவள் பார்த்த பார்வையில் அவன் மிச்சத்தை விழுங்கிவிட்டுச் சமையலறைக்குப் போனான்.

மைனா அவளுடைய கல்லூரித் தோழி. ஓயாமல் பேசியதால் அவள் மைனா, ஒல்லியாக இருந்ததால் இவள் குண்டூசி. ஒல்லி மட்டும் காரணமில்லை என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், அது கிடக்கட்டும். மைனா வீட்டு விருந்தென்றால் ஒரு மாதத்துக்கு அதே பேச்சுதான். ஒருமுறை வரவேற்பறையையே ரயில் பெட்டியாக்கி, நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, வாசலில் டிக்கெட் கிழித்து ஆட்களை உள்ளே விட்டாள். இன்னொருமுறை உடை, தட்டு, பூ, ஐஸ்கட்டிவரை எல்லாமே மஞ்சள். குண்டூசி அங்கே கை வலிக்கத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து விடியும்வரை புரண்டு படுத்தாள். "செம ஐடியா இல்ல?" என்று கணவன் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். பொறாமைதான். வயிறு எரிந்தது. அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: ஒரே ஒரு சாயங்காலம், தான் மைனாவைப் பார்க்கிற அதே பார்வையோடு மைனா தன்னைப் பார்க்க வேண்டும். அதற்காக என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள்.

அதற்குத்தான் இந்த விருந்து. அறையை இருட்டாக்கிவிட்டு ஒருவர் ஓசைப்படாமல் திரைக்குப் பின்னால் போய் விளக்கைப் போட வேண்டும். நிழலைப் பார்த்து மற்றவர்கள் ஆளைச் சொல்ல வேண்டும். சரியான பெயர் வரும்வரை உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி மைனாவுக்காகவே யோசித்தது. வாயைக் கட்டிவிட்டால் மைனாவிடம் என்ன இருக்கப்போகிறது?

நிறையவே இருந்தது. பல் டாக்டர் தோழி முதலில் போய், இடுக்கியால் பல் பிடுங்குவது போல நடித்து ஓரளவு சிரிக்க வைத்தாள். அடுத்து மைனா போனாள். கழுத்தைச் சாய்த்துத் தோளைக் குலுக்கி, காதோரத் தலைமுடியை ஒதுக்கினாள், அவ்வளவுதான். "மைனா! மைனா!" என்று கூடமே கத்தியது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது குண்டூசியின் கணவன்.

"சூப்பர் விளையாட்டுடி! என் அடுத்த பார்ட்டிக்குத் திருடிக்கப் போறேன், சொல்லிட்டேன்," என்று மைனா வெளியே வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் மேலிருந்து நல்ல வாசனை வந்தது. அதுவும்கூட எரிச்சலாக இருந்தது.

விளக்குகள் மறுபடி அணைந்தன. குண்டூசி எழுந்து போனாள்.

அந்த அலமாரி வாசனை இப்போது திரைக்குப் பின்னால் கனமாக நின்றது. விளக்கைப் போட்டாள். எதிரே துணியில் அவள் நிழல் எழுந்தது, அவளைவிட உயரமாக. என்ன செய்வதென்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. ஒரு வீம்பில், கழுத்தைச் சாய்த்தாள், தோளைக் குலுக்கினாள், முடியை ஒதுக்கினாள். கேலிக்காகத்தான்.

"மைனா!" என்றது இருட்டு, சிரிப்போடு. "மறுபடியும் மைனாவா?"

"ஐயோ, நான் இங்கதான் இருக்கேன்!" என்றாள் மைனா.

குண்டூசி கையை இறக்கினாள்.

நிழல் இறக்கவில்லை.

அது தோளைக் குலுக்கியது, முடியை ஒதுக்கியது, இடுப்பில் கை வைத்து மெல்லச் சுழன்றது. மைனாவைவிட அழகாக. இவள் அசையாமல் நிற்க, துணியில் அது ஆடியது. கைதட்டல் காதைப் பிளந்தது. அவளுக்காக அந்த வீட்டில் ஒருநாளும் எழும்பாத கைதட்டல். பயத்துக்கு நடுவிலும், சொல்ல வெட்கம், நெஞ்சில் ஒரு துளி இனிப்பு.

"அப்போ இது நம்ம குண்டூசி!" என்றான் கணவன். "ஏய், இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தே இதை?"

சரியான பெயர் வந்துவிட்டது.

நிழல் தலை வணங்கியது. துணியின் ஓரத்தை நோக்கி நடந்தது. ஓரத்தைத் தாண்டியது.

வெள்ளைத் துணி வெறுமையாக நின்றது. அவள் விளக்குக்கு முன்னால்தான் நிற்கிறாள். ஆனாலும் வெறுமை.

வெளியே அறை விளக்குகள் எரிந்தன. "வா, வா! ராணி வந்தாச்சு!" யாரோ சொன்னார்கள். நாற்காலி இழுபடும் சத்தம். அவள் துணியைத் தள்ளினாள். அசையவில்லை. கையில் துணி பட்ட உணர்வே இல்லை. கத்தினாள். சத்தம் வரவில்லை.

துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதில் கண்ணை வைத்தாள்.

தன் பச்சை உடை. தன் முதுகு. தன் நாற்காலி. சுற்றிலும் நண்பர்கள் முன்னால் சாய்ந்து, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன் குரல் ஏதோ சொன்னது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணவன் அதன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கல்யாணமான புதிதில் பிடித்ததுபோல.

மைனா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பழச்சாற்றைக் குடிக்கவும் இல்லை. உதட்டை இழுத்துப் பிடித்து வைத்திருந்தாள். கண்கள் அந்தப் பச்சை உடையை விட்டு நகரவில்லை. குண்டூசிக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். இத்தனை வருடமாக அவளுடையதாக இருந்த பார்வை.

இங்கே பாரு மைனா. இங்கே. நான் இங்கே.

மைனா திரும்பவில்லை.

"விளக்கை அணைச்சுட்டு வந்துடறேன்," என்றது தன் குரல்.

"சீக்கிரம் வா," என்றான் கணவன்.

காலடி. அந்த வாசனை. துணியின் ஓரம் விலகியது.

பச்சை உடை உள்ளே வந்து, விளக்கருகே குனிந்து, அவள் பக்கம் திரும்பியது.

முகத்தில் கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. கழுத்துக்கு மேலே, முடி ஒதுக்கிய காதுகளுக்கு நடுவே, வழவழவென்று ஒரே கருப்பு. அந்தக் கருப்புக்குள்ளிருந்து யாரோ சன்னமாகச் சிரித்தார்கள்.

கை சுவிட்சை நோக்கி நீண்டது.