கறுப்பு மை பூசிய பெயர்

"பதினொரு நிமிஷம் சார்! பதினொரு நிமிஷம் அந்தப் பொண்ணு மூச்சில்லாம கிடந்திருக்கா!"

"கத்தாதீங்க மேடம். சுவத்துக்கும் காது இருக்கு."

சுவருக்கு இல்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்கு இருந்தது.

செத்துப்போன பெண்ணின் அம்மா!

உள்ளே மூன்று டாக்டர்கள். சிகிச்சையில் தவறு நடந்ததா இல்லையா என்று முடிவு சொல்லும் குழு. தலைவர், பேர் போன சர்ஜன். அவர் எதிரே குழந்தை டாக்டர். நடுவில், இரண்டு பக்கமும் தலையாட்டும் கண் டாக்டர்.

மேஜையில் ஃபைல். இருபத்தாறு வயது. சாதாரண அப்பெண்டிக்ஸ். மயக்க மருந்து கொடுத்த டாக்டரின் பெயர் மேல் கறுப்பு மை. ஆஸ்பத்திரி பெயர் மேலும் கறுப்பு மை. வேண்டியவன், வேண்டாதவன் பார்க்கக் கூடாதென்று தலைவரே கொண்டுவந்த ஏற்பாடு.

"மயக்கம் கொடுத்தாச்சு. சர்ஜன் இன்னும் வரல. இந்த ஆளு மானிட்டர் அலாரத்தை அணைச்சுட்டு போன் பேச வெளியே போயிருக்கான். மூச்சுக் குழாய் கழண்டிருக்கு. இது தப்பில்லன்னா எது சார் தப்பு?"

"அந்தச் சனியன் சும்மா சும்மா கத்தும் மேடம். நானே எத்தனை தடவை அணைக்கச் சொல்லியிருக்கேன்!"

சொல்லிக்கொண்டே தலைவர் வலது அடிவயிற்றை அமுக்கினார். காலையிலிருந்து சுருக்... சுருக்...

"வயிறா சார்? ஒரு ஸ்கேன் எடுத்துடுங்களேன்."

"வாயு! சர்ஜனுக்கே வைத்தியமா? போங்க, போய் குழந்தைங்க மூக்கைத் துடைங்க."

தலைவர் 'தவறில்லை' கட்டத்தில் டிக் அடித்தார். கண் டாக்டரின் மருமகன் தலைவரிடம்தான் மேல்படிப்பு படிக்கிறான். கண் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அதே கட்டத்தில் அடித்தார்.

"இன்னொரு வரி எழுதுங்க. அலாரம் அணைக்கிறது எல்லாரும் பண்றது, தனி ஆள் தப்பு கிடையாது. இனிமே இந்த மாதிரி கேஸுக்கு இதுதான் முன்மாதிரி. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு வீட்டுக்குப் போலாம்!"

வெளியே வந்தவரை அந்த அம்மா மறித்தாள்.

"ஐயா, உங்க பொண்ணா இருந்தா இப்படி எழுதுவீங்களா?"

தலைவர் சட்டைக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டு ஆளுங்க நல்ல டாக்டராப் பாத்துப் போவாங்கம்மா."

மூன்றாம் நாள் மத்தியானம்.

சலூன் நாற்காலியில் தலைவர் அலறினார். வாயு இல்லை... அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டது! அரைக் கன்னம் சோப்பு நுரையோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள்.

நல்ல டாக்டராகப் பார்க்க நேரமில்லை.

ஆபரேஷன் தியேட்டர். தலைமாட்டில் சிரித்த முகத்தோடு மயக்க டாக்டர். மாஸ்க்கை வைத்து அழுத்தினார்.

"சர்ஜன் வந்துட்டே இருக்கார். நல்லா மூச்சு இழுங்க பெரியவரே. இன்னிக்கு நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன். ஒரு கேஸ் தலைக்கு மேல தொங்கிட்டு இருந்துச்சு. ஒரு பொண்ணு... பதினொரு நிமிஷம்... காலைலதான் லெட்டர் வந்துச்சு, தப்பே இல்லையாம்! எந்த மகராசன் எழுதினானோ, அவன் நல்லா இருக்கணும்!"

தலைவரின் கண்கள் பிதுங்கின.

'நான்தான்டா... நான்தான்டா அந்த மகராசன்!'

மாஸ்க்குக்குள் வெறும் உம்... உம்...

நெஞ்சு தடதடத்தது. நூற்று முப்பது... நூற்று ஐம்பது... மானிட்டர் வீல் வீலென்று கத்தியது!

"பயப்படாதீங்க. சும்மா சும்மா கத்தும் இது."

க்ளிக்.

அமைதி.

ஊசி மருந்து கைக்குள் ஏறியது. எங்கோ ஒரு போன் ஒலித்தது. விலகிப் போகும் செருப்புச் சத்தம்...

"சொல்லு மச்சான்..."

தலைவர் கடைசியாகக் கேட்டது அதுதான்.

இரண்டு மாதம் கழித்து அதே அறை. அதே மேஜை. கண் டாக்டர் இப்போது தலைவர். புதிதாக ஒரு தோல் டாக்டர். வெளியே பெஞ்சில் பழைய தலைவரின் மனைவி.

ஃபைலில், கறுப்பு மை.

"ஆண், அறுபத்தொண்ணு... நம்ம சார்தான்," என்றார் கண் டாக்டர். "ஆனா சாரே எழுதி வெச்ச முன்மாதிரி இருக்கே! தவறில்லை."

தோல் டாக்டர் 'தவறு' கட்டத்தில் டிக் அடித்தார். ஒன்றுக்கு ஒன்று.

குழந்தை டாக்டர் பேனாவை எடுத்தார்.

"விட்டா இன்னொருத்தரைக் கொல்லுவான் சார்."

"அந்தப் பொண்ணுக்குக் கிடைக்காத நியாயம் இவருக்கு மட்டும் எதுக்கு மேடம்? பெஞ்சுல இருந்த அந்த அம்மா கேட்டா என்ன பதில் சொல்வீங்க?"

பேனா இன்னும் காகிதத்தைத் தொடவில்லை.

வாசகர்களே, அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்? மறக்காமல் பதில் எழுதுங்கள். பெயர் வெளியே தெரியுமோ என்ற பயமே வேண்டாம்...

கறுப்பு மை நான் பூசிக்கொள்கிறேன்!