ஒன்பது கிலோ இழுவை

நட்டுவின் சட்டைப்பையைக் குலுக்கிப் பார்த்தால் நட்டும் போல்ட்டும் கலகலக்கும்; அவளுக்கு ஏன் அந்தப் பட்டப்பெயர் வந்தது என்று தெரிந்துவிடும். அவளுடைய நண்பன் விசிலுக்கு விளக்கமே தேவையில்லை. அவன் வருவதற்கு முன்பே விசில் சத்தம் வந்துவிடும்.

இருவரும் சேர்ந்து ஒரு மின்சாரக் கார் செய்திருந்தார்கள். உடம்பு மரப்பலகையால் ஆனது; சக்கரங்கள் பழைய சைக்கிள்களிலிருந்து வந்தவை. ஸ்டியரிங் விசிலின் கைவண்ணம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. ஓட்டுகிறவரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூட மேட்டில் ஏறும் வண்டிக்குத்தான் அதில் இடம்.

வெள்ளிக்கிழமை மாலை விசில் ஓட்டிப் பார்த்தான். சமதரையில் கார் ஜம்மென்று ஓடியது. மேட்டில் பாதி தூரம் போனதும் மோட்டார் முனகியது. கருகிய வாசனை வந்தது. கார் நின்றுவிட்டது.

நட்டுவின் அண்ணன் ஓடிவந்தான். "டேய் விசில், மோட்டார் எடுக்கும்போது உன் எடை எவ்வளவுன்னு சொன்ன?"

"முப்பது..."

"முப்பதா? அது உன் ஒரு கால் எடைடா!"

விசிலின் முகம் சுருங்கிவிட்டது. போன மாதம் வகுப்பில் எடை பார்த்தபோதும் இப்படித்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

"நட்டு, நீயே ஓட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

நட்டுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாண்ணா? அவன் வரலைன்னா எனக்குக் கண்காட்சியே வேண்டாம்!"

அண்ணன் தலையைச் சொறிந்தான்.

நட்டுவின் சித்தி மோட்டார் மெக்கானிக். அவருடைய பட்டறை அலமாரியில் சின்னதிலிருந்து பெரியது வரை ஏழு பழைய மோட்டார்கள் வரிசையாக இருந்தன.

"இருக்கிறதுலயே பெருசைக் குடுங்க சித்தி" என்றாள் நட்டு.

"அதோட கனத்தைச் சுமக்கவே பாதி பேட்டரி தீர்ந்துடும். சின்னதா குடுத்தா மறுபடியும் கருகும். எவ்வளவு இழுக்கணும்னு சொல்லு, சரியானதா தர்றேன்."

அதற்கு விசிலின் உண்மையான எடை தெரிய வேண்டுமே! நட்டு அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த விசில் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனிடம் எடையைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

காரை மேலே இழுப்பதுதானே மோட்டாரின் வேலை? அந்த வேலையை நாமே செய்து பார்த்தால் என்ன?

"நாளைக்குக் காலையில வந்து கார்ல உட்காரு. அது போதும்" என்றாள்.

"மோட்டார்தான் கருகிடுச்சே?"

"நான்தான் மோட்டார்!"

மறுநாள் சித்தியின் கொக்கித் தராசு மேட்டுக்கு வந்தது. செம்புக் கம்பி நிறுக்கும் தராசு அது. கயிற்றின் ஒரு முனையைக் காரிலும் மறுமுனையைத் தராசின் கொக்கியிலும் கட்டினாள் நட்டு. விசில் ஏறி உட்கார்ந்தான். அவள் தராசைப் பிடித்து மெல்ல மெல்ல மேட்டில் இழுத்தாள். மூச்சு வாங்கியது. முள் ஓரிடத்தில் நின்றது.

"ஒன்பது கிலோ!"

விசிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஒன்பது கிலோதானா?"

"நீ, கார், பேட்டரி எல்லாம் மேட்டுல ஏற இந்த இழுவை வேணும். யார் எடை எவ்வளவுன்னு மோட்டாருக்கு எதுக்கு?"

அண்ணன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "தப்பா பேசிட்டேன்டா விசில். மன்னிச்சுடு."

"சரிண்ணா. இப்ப நீங்க கொஞ்சம் மோட்டாரா இருங்க, நட்டு பாவம்" என்றான் விசில்.

"நடக்குற வேகம் போதுமா?" என்று பட்டறையில் சித்தி கேட்டார். நட்டு தலையாட்டினாள். ஒன்பது கிலோவுக்கு மேல் இன்னும் கொஞ்சம் தாங்குகிற மாதிரி, அலமாரியிலிருந்து நான்காவது மோட்டாரை எடுத்துக் கொடுத்தார் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை மேட்டின் அடியில் வகுப்பே கூடியிருந்தது. விசில் சுவிட்சைத் தட்டினான். கார் மேட்டில் ஏறியது. பாதி வழியில் நட்டுவின் மூச்சுதான் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. நிதானமாகப் போய்ப் பள்ளிக்கூட வாசலைத் தொட்டது.

விசில் இருக்கைமேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் தூக்கினான்.

"நாப்பத்தெட்டு கிலோ!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். "முழுசா நாப்பத்தெட்டு கிலோவை மேல ஏத்திட்டோம்!"

கீழே நின்ற கூட்டம் கை தட்டியது. அதில் அண்ணன் தட்டியதுதான் பலமாகக் கேட்டது.